தையல் வகுப்பை வேவு பார்த்தவன்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, 'ஆளைப் பாத்தா சாது மாதிரி இருந்தாரே' என்று பேசக் கூடாது. கடற்கரையில் நடக்கும்போது இது உதிக்கவில்லை. யாரும் என்னிடம் வந்து மனம்விட்டு அழவும் இல்லை. ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் ஆறு பெண்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று எதிர்ச்சாரியில் நின்று மூன்று சனிக்கிழமை வேவு பார்த்தேன். அதில் கிடைத்தது.

என் பெயர் செந்தூர்வேல். தூத்துக்குடி ஹார்பரில், சுங்கத்துறையில், முப்பத்தொரு வருஷம் சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவன். காகிதத்தில் பிளாஸ்டிக் பொம்மை என்று இருக்கும், உள்ளே சிகரெட் இருக்கும். இப்படியே பழகிவிட்டால் வீட்டில் மிளகாய்ப்பொடி டப்பாவைக்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கதை எழுத ஆரம்பித்தேன். அதிலும் யாரையும் நம்புவதில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'முத்துக்குளித்துறையின் அலைகள் அன்று ஏனோ—'

அடித்துவிட்டேன். மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்கு அலைச் சத்தம் கேட்காது. ஹார்பருக்குப் போகிற லாரிகளின் ஹாரன்தான் கேட்கும்.

இரண்டாவது தொடக்கம்: 'புற்றுநோயை வென்ற ஜெயஷீலா டீச்சர்—'

இதை அடித்தது நான் இல்லை. ஜெயஷீலா டீச்சரே அடித்தார். ஆமாம், இந்தக் கதையின் நாயகி இதைப் படித்துக்கொண்டே வருகிறார். அந்த நிபந்தனையில்தான் எழுத விட்டார். "வென்னேன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? அந்தப் பேச்சாலதான் இவ்வளவு கேடும்" என்றார். இனி அடைப்புக்குறிக்குள் வருகிற சில வரிகள் அவருடையவை. (கதைக்குள் 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "கதையில எப்படி வேணா எழுதுங்க, தெருவுல மரியாத இருந்தாச் சரி" என்றார்.)

மூன்றாவது தொடக்கம்: 'ஜெயஷீலாவுக்கு வைத்தியம் முடிந்த அன்றுதான் பயம் ஆரம்பித்தது.' இதை அவர் தொடவில்லை. அதனால் இதிலிருந்து போகலாம்.

2

ஜெயஷீலாவுக்கு வயது ஐம்பத்து நாலு. சொந்த ஊர் நாசரேத் பக்கம். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இடது மார்பில் கட்டி. அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் போனது. அந்தப் பதினோரு மாதமும் அவளுக்கு ஒரு டைம்டேபிள் இருந்தது. எந்தக் கிழமை ஊசி, எந்தக் கிழமை ரத்தம், எந்த ஜன்னலில் ஃபைலைக் கொடுக்க வேண்டும் எல்லாம் தெரியும். வாந்தி எடுப்பதுகூட எந்த நாள் என்று தெரியும்.

கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்ததும் அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சிட்டு மேடம். சந்தோஷமா போயிட்டு வாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டிட்டுப் போங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்தக் கையைத் தூக்கலாமா, வாளி பிடிக்கலாமா, கால் எரிந்தால் யாரைக் கேட்பது, ராத்திரி பயம் வந்தால் அதற்கு எந்த ஜன்னல்? ஒன்றும் கிடையாது. காரில் வாகைக்குளம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நாளையிலிருந்து என்னை யாரும் பார்க்கப்போவதில்லை, அந்தச் சனியன் திரும்பி வந்தால் யாருக்குத் தெரியும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் அவள் கணவர் ஜேசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோயில் கிடந்து எழுந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது சர்ச்சில், சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்வார்கள். ஜேசுதாசன் ஊர்க் கோயில் கமிட்டியில் இருப்பவர். டிசம்பரில் தேதி வாங்கிவிட்டார். சாட்சியை அவள்தான் எழுதினாள். 'கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார்' என்று எழுதியிருந்தாள். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, 'சுகம்' என்பதற்கு முன்னால் 'பூரண' என்று சேர்த்தார். கணக்கு டீச்சருக்குப் பூரணம் என்றால் நூற்றுக்கு நூறு என்று தெரியாதா? தெரிந்துதான் வாசித்தாள். சபையே கண்ணைத் துடைத்தது.

அன்றிலிருந்து அவள் 'சாட்சி டீச்சர்'. சாத்தான்குளத்திலிருந்தும் வந்தார்கள். புதிதாகக் கட்டி கண்டவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "டீச்சரம்மா, தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுங்க" என்று உட்கார்ந்தார்கள். அவளும் வைத்தாள்.

ஜனவரியில் மூன்று மாதச் சோதனை. முந்தின நாள் பையை எடுத்து வைத்தாள். அந்த ஆஸ்பத்திரி வரிசையில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். பூரண சுகம் என்று சொன்னவள் அங்கே போய் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சாட்சி பொய் என்றா, விசுவாசம் போய்விட்டது என்றா? ஜேசுதாசன் போகாதே என்று சொல்லவில்லை. "போணுமா என்ன?" என்று மட்டும் கேட்டார். அவள் பையைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்துவிட்டாள். ஏப்ரலில் பையை எடுக்கவே இல்லை.

(இவ்வளவு படித்தவள் இப்படிச் செய்வாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "படிச்சவதான் அண்ணாச்சி நல்ல நல்ல காரணமாக் கண்டுபிடிப்பா" என்றார் டீச்சர்.)

3

நோய் முடிந்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் தனி ரகம். ஒருத்தி முள்சீத்தா இலைப் பொடி கொண்டு வந்தாள். ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைச் சமையலறையில் மாட்டவே ஆணி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆலந்தலையிலிருந்து ஒருவர் முத்துச்சிப்பிப் பஸ்பம் என்று ஒரு டப்பாவைத் திறந்து காட்டி, "கடல்லயே பொறந்த சாமான் டீச்சர், இது உள்ள போனா எந்தக் கட்டியும் கிட்ட வராது" என்றார். திறந்து காட்டினார் என்று கேட்டதும் எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. ஆனால் அது சுண்ணாம்பு மாதிரி இருந்தது என்றாள் ஜெயஷீலா. எல்லாருக்கும் ஒரே முதல் வரி: "ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." அதைக் கேட்டாலே அவள் எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

இதற்கிடையில் இடது கை வீங்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஆனால் மோதிரம் கழலாது. ரவிக்கையின் இடது கைத் தையலை மட்டும் பிரித்து, அகலமாக விட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கேட்டால் வெயில் என்று சொல்லிவிடலாம்.

மே மாதம் சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குப் போனாள். நாற்காலியில் கை வைக்கிற பலகை இடது பக்கம் இருந்தது; உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கிற பெண் ரப்பரைக் கட்டப்போனதுதான் தாமதம், அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏ தாயி! அந்தக் கையில எடுக்காதீய! மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்க!"

லேபில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது சந்தனமாரி. மில்லர்புரம் பலசரக்குக் கடைக்காரர் காசிலிங்கத்தின் மனைவி. கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் ஆப்ரேசன் ஆச்சோ அந்தப் பக்கம் கையில ஊசி போடப்புடாது, பிரஷரும் பாக்கப்புடாது. ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா?"

"எனக்கு இந்தப் பக்கம்னு உங்களுக்கு யாரு சொன்னா?" ஜெயஷீலாவின் குரல் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடிக்கிற குரல்.

"ஒரு கை ரவிக்கைய மட்டும் பிரிச்சு விட்டுருக்கீயளே. நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன்." சந்தனமாரி குனிந்து காதோரம் சொன்னாள்: "சனிக்கெழம நாலு மணிக்கு நம்ம கட மாடிக்கு வாங்க டீச்சர். தையல் வகுப்பு. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அந்தக் கடைசி வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை ஐந்து மாதம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சந்தனமாரி என்கிற இந்தப் பாத்திரம் வேண்டிய நேரத்துக்கு வேண்டிய நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே நம்பமாட்டேன். அவளை நம்பும்படி ஆக்க ஏதாவது ஒரு குறை கொடுக்கலாம் என்று பார்த்தேன். கொடுக்கத் தேவையில்லை, இருக்கிறது: அவள் கூசாமல் பொய் சொல்வாள். மாமியாரிடம் ஒன்று, சொந்தக்காரர்களிடம் ஒன்று, வாடிக்கைக்காரர்களிடம் ஒன்று. அந்தப் பொய்கள் பின்னால் வரும்.)

4

ஜெயஷீலா என் வீட்டுக் கேட்டைத் தட்டியது அந்த வாரம்தான். நாலு வீடு தள்ளி இருப்பவள்.

"அண்ணாச்சி, நீங்க பெட்டியத் தொறந்து பாத்த ஆளுதானே? காசிலிங்கம் கட மாடியில தையல் வகுப்புங்காவ. உள்ள என்ன விக்காவன்னு பாத்துச் சொல்லணும். எதுக்குன்னு மட்டும் கேக்கக் கூடாது."

எதுக்கென்று நான் கேட்கவில்லை. தெருவுக்கே தெரிந்ததுதானே. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்று ரெண்டு வருஷத்தில் என்னிடம் வந்த முதல் வேலை அது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அங்கே நின்றேன். முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆறு பெண்கள் மாடி ஏறினார்கள். ஒருத்தி கையிலும் துணி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. ஒன்றரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை ஒருத்தி அழுதுகொண்டே இறங்கினாள், பின்னாலேயே இன்னொருத்தி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு இறங்கினாள். இது என்ன தையல்? மூன்றாவது சனிக்கிழமை பெரிய பையோடு ஒரு பெண் வந்தாள். பை வாயில் சுருட்டி வைத்த துணிக்கட்டுகள் தெரிந்தன. சரக்கு, என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

கீழே காசிலிங்கத்திடம் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னவே, மாடியில என்ன யாவாரம்?"

"தையல்தான் அண்ணாச்சி."

"மிஷின் சத்தமே கேக்கலியே?"

"கைத்தையல்லா."

"போன மாசம் ஆறு பேரும் வேன் பிடிச்சு எங்கயோ போனாவளாமே?"

"துணி எடுக்க."

"திரும்பி வாரப்ப ஒருத்தர் கையிலயும் ஒரு பை இல்லங்காவ."

காசிலிங்கம் பருப்பை அளந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "புடிக்கலன்னு வந்துட்டாவ."

காகிதம் ஒன்று, சரக்கு வேறு. இதுக்கு மேல் என்ன வேண்டும்?

5

ஜூன் முதல் அக்டோபர் வரை குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவி—

இல்லை. இப்படி எழுதித்தான் முதல் பிரதியில் தாண்டிப்போனேன். டீச்சர் இந்த இடத்தில் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை. அதனால் சொல்கிறேன்.

நான் அவளிடம் போய்ச் சொன்னேன்: "போகாதீங்க டீச்சர். ஏதோ மருந்துக் கம்பெனிக்காரன் ஆள் சேக்குதான். வேன்ல கூட்டிட்டுப் போயி கூட்டம் போட்டு மூளையச் சலவை பண்ணுவானுவ. நான் பாக்காத சரக்கா?" அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நானும் அதான் நெனச்சேன்" என்றாள். காபி கொடுத்தாள். நான் பெருமையோடு குடித்தேன்.

படி ஏறிப் போய் கதவைத் தட்டி, 'அம்மா, இங்கே என்ன நடக்கிறது?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பெட்டியைத் திறக்காமல் ஒரு அறிக்கை கொடுத்ததில்லை. அதை மட்டும் திறக்காமல் கொடுத்தேன். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதம் என் பேச்சால் போனது. அவள் போகாமல் இருப்பதற்கு ஏற்கெனவே காரணம் வைத்திருந்தாள், உண்மைதான்; அதில் நான் சீல் குத்திக் கொடுத்தேன்.

6

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, குளிக்கும்போது, இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரல் பட்டது. அங்கே ஏதோ உருண்டது. காராமணிப் பயறு அளவு. அழுத்தினால் நகர்ந்தது, நகர்ந்ததா, அவளுடைய விரல்தான் நடுங்கியதா என்று தெரியவில்லை. சோப்பு நுரை காய்கிறவரை அப்படியே நின்றாள்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஜேசுதாசனிடம் சொன்னால் முதலில் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். சபையில் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் அவள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தியிருக்கிறார்கள், அங்கேயும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பழைய டாக்டர் மாறிப் போய்விட்டார், ஃபைலைக் கொண்டு செவ்வாய்க்கிழமை வாங்க என்றார்கள். ஃபைல் ஜேசுதாசனின் பீரோவில், அவருடைய பத்திரங்களோடு, பூட்டி இருந்தது. அதைக் கேட்டால் எதுக்கு என்பார்.

எண்ணிப் பார்த்தாள். அவள் சாட்சி சொல்லாத ஆட்கள் என்று ஊரில் மிஞ்சியது யார்? அந்த மாடியில் ஏறிப்போன ஆறு பேர். திருட்டுக் கம்பெனிக்காரர்களாகவே இருக்கட்டும், அவர்கள் முன்னால் அவள் எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஏறினாள். கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே ஒரு தையல் மிஷின் உறை போட்டு மூலையில் நின்றது. ஐந்து பெண்கள் சுவரைப் பார்த்து நின்று, ஒரு கையின் விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். சுவர் முழுக்க அப்படிக் கோடுகள், பக்கத்தில் தேதிகள். அந்தப் பெரிய பைக்காரப் பெண், ஆறாவது பெண்ணின் வீங்கிய கைக்கு விரலிலிருந்து தோள்வரை துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் இசக்கிச்செல்வி, நர்ஸ். ஓய்வு நாளில் வருகிறவள்.

"இங்க என்ன விக்கீங்க?" என்றாள் ஜெயஷீலா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சந்தனமாரி சுவரிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள். "விக்குததுக்கு என்ன இருக்கு? வீங்குன கையி ஆறு இருக்கு. வேணுமா?"

யாரோ சிரித்தார்கள். ஜெயஷீலா சிரிக்கவில்லை. "பிறகு எதுக்குத் தையல் வகுப்புன்னு பொய்யி?"

"போர்டுல கேன்சர்னு எழுதட்டா? இவளுக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கி. அவ மாமியா அவ தட்டக்கூடத் தனியா வச்சிருக்கா. எங் கடையில சாமான் வாங்க ஆளு வரணும்லா?" சந்தனமாரி கையை உதறிக்கொண்டாள். "துணி எடுக்கப் போறோம்னு சொல்லிட்டு செக்கப்புக்குப் போறோம். துணி புடிக்கலன்னு வந்துருவோம். ஏழு வருசமா எங்களுக்கு ஒரு துணியும் புடிக்கல."

மேஜைமேல் ஒரு நோட்டு கிடந்தது. ஜெயஷீலா அனுமதி கேட்காமல் எடுத்துப் புரட்டினாள். கமிஷன் கணக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தாள். பெயர்கள் இருந்தன, பெயருக்கு நேரே அடுத்த சோதனைத் தேதிகள், போனார்களா இல்லையா என்று ஒரு டிக். போகாதவர்கள் பெயருக்கு நேரே, யார் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டி வரவேண்டும் என்று இன்னொருத்தி பெயர். கடைசிப் பக்கத்தில் மே மாதத் தேதி போட்டு 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. நேரே ஒன்றும் இல்லை.

நோட்டை மூடி வைத்தாள். இசக்கிச்செல்வியின் முன்னால் உட்கார்ந்து, சேலையைத் தோளில் விலக்கி, அந்த இடத்தைக் காட்டினாள். இசக்கிச்செல்வி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மூன்று விரலால் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லதானே?" என்றாள் ஜெயஷீலா.

"கையால தொட்டு அதச் சொல்ல முடியாதுக்கா. சொன்னா நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம். ஸ்கேன் பாத்து, ஊசி போட்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். செவ்வாக்கெழம போவோம்."

பதினோரு மாதத்திலும் அதற்குப் பிந்தின ஒரு வருஷத்திலும் எல்லாரும் அவளிடம் 'ஒண்ணும் இல்ல, ஒண்ணும் ஆகாது' என்றுதான் சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெயஷீலா அங்கேயே ஓவென்று அழுதாள். ஒருவரும் அழாதே என்று சொல்லவில்லை.

(சந்தனமாரி பிறகு என்னைக் கண்டபோது சொன்னது: "மூணு சனிக்கெழம எதுத்த மருந்துக்கடையில நின்னீயளே அண்ணாச்சி, ஒரு தலவலி மாத்திரையாவது வாங்குனீயளா? எங்க வீட்டுல போட்டுக் குடுக்க வந்த ஆளுன்னு நாங்க ஒரு மாசம் மாடிக்கே போகல." அந்த ஒரு மாதத்தையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.)

7

ஃபைல் வேண்டும். அன்று சாயங்காலமே கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் ஜேசுதாசன்.

சொன்னாள். மறைக்காமல், எந்த இடம், எந்த அளவு, எத்தனை நாள் என்று சொன்னாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "சபையில சொன்னமே, ஷீலா."

(இந்த வரியில் தகராறு. அவர் அப்படிச் சொன்னார் என்கிறார் டீச்சர். "நான் எப்ப சொன்னேன்? எனக்கு நாக்கே எழும்பல" என்கிறார் ஜேசுதாசன். ரெண்டு பேரும் என் முன்னாலேயே அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் சந்தேகப் பிராணி. ரெண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள் என்றுதான் சந்தேகப்படுகிறேன்.)

எழுந்து பீரோச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஜெயஷீலாதான் திறந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்து நின்றபோது, ஜேசுதாசன் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆறு பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆண். வழியில் சந்தனமாரி அவருக்கு முறுக்குக் கொடுத்தாள்.

ஸ்கேன் பார்த்தார்கள். ஊசி போட்டு எடுத்தார்கள். ரிசல்ட் அடுத்த திங்கட்கிழமை என்றார்கள்.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: ரிசல்ட் நல்லபடியாக வருகிறது. ஜேசுதாசன் குலுங்கி அழுகிறார். கோயில் மணி—

"அந்த நேரத்துக்கு எவன் மணி அடிக்கான்?" என்று டீச்சர் அடித்துவிட்டார்.

இரண்டு: ரிசல்ட் கெட்டதாக வருகிறது. ஜெயஷீலா புதுத்துறைமுகக் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து—

"நான் எதுக்கு வெயில்ல போயி உக்காரணும்?" இதுவும் போயிற்று.

மூன்று: நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் மன்னிக்கிறாள். இதை அவர் முழுசாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இது ஒங்க கத இல்ல அண்ணாச்சி" என்றார். மன்னித்தாரா என்று சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் நடந்ததைச் சொல்கிறேன். ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை. என்னையும் அழைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல். ஜெயஷீலா வேப்பமரத்தடியில் ஜேசுதாசனோடு நின்றாள். கை முழுக்கத் துணிக்கட்டு, மேலே சேலை முந்தானையைப் போர்த்தியிருந்தாள்.

ஒரு தாய், மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயசுதான் இருக்கும் மகளுக்கு. தலையில் ஸ்கார்ஃப்.

"டீச்சரம்மா, நாளைக்கு இவளுக்குக் கடைசி ஊசி. அதோட முடிஞ்சிரும். ஒங்களுக்குக் கெடச்ச மாதிரி இவளுக்கும் பூரண சுகம் கெடைக்கணும். கைய வச்சு ஜெபம் பண்ணுங்க."

சுற்றி நாலைந்து பெண்கள் நின்றார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துவிட்டாள். ஜெயஷீலா ஜேசுதாசனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் வலது கையை அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள். ஜெபம் செய்தாள், சின்ன ஜெபம். பிறகு முந்தானையை விலக்கி இடது கையை வெளியே எடுத்தாள்.

"நிமிந்து பாரும்மா. இந்தக் கை வீங்கியிருக்கு. இந்தா, இங்கன ஒரு கட்டி வந்திருக்கு. செவ்வாக்கெழம ஊசி போட்டு எடுத்திருக்காங்க. என்னன்னு நாளைக்குத்தான் தெரியும். நான் ஒரு வருஷம் செக்கப்புக்கே போகல. சாட்சி சொல்லிட்டமேன்னு போகல." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கு முடிஞ்சிட்டுன்னு சொல்லி அனுப்புவாங்க. எந்திரிச்சு வந்துராத. அடுத்த தேதி எப்பன்னு கேளு, எழுதி வாங்கு. கை வீங்கினா எங்க வரணும், பயமா இருந்தா யார்ட்டப் பேசணும்னு கேளு. அவங்களுக்குத் தெரியலன்னா எங்கிட்ட வா, கூட்டிட்டுப் போறேன்."

சேவலுக்கு மூன்றாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஏலத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தாய்க்காரி மகளைப் பின்னால் இழுத்தாள். முகத்தில் அவ்வளவு கோபம், ஏதோ ஜெயஷீலா அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல. ஆனால் அந்தப் பெண் நகரவில்லை. "அந்தப் பக்கம் கையால பிள்ளையத் தூக்கலாமாக்கா?" என்று கேட்டாள். இத்தனை மாதமாக அவளிடம் யாருமே அதைச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

கூட்டத்திலிருந்து யாரோ, "பண்டிகை நாள்ல இதெல்லாம் எதுக்கு?" என்றார்கள். அதற்குப் பதில் சொன்னது ஜேசுதாசன்.

"பூரணன்னு எழுதுனது நானு. அவ இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. எனக்குத் தெரியும். எழுதியும் வைத்தேன். டீச்சர் அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்.

"நல்லதுன்னு எழுதுனா, 'பாத்தியா, சும்மா கெடந்து அலைஞ்சிருக்கா'ன்னு சொல்லுவாங்க. கெட்டதுன்னு எழுதுனா, 'போயி என்ன ஆச்சு, போகாமலே இருந்திருக்கலாம்'னு சொல்லுவாங்க. எப்படி எழுதுனாலும் எவளோ ஒருத்தி பையப் பிரிச்சுத் துணிய மடிச்சு வச்சிருவா அண்ணாச்சி. எழுதாதீங்க."

எழுதவில்லை. நீங்கள் இந்நேரம் உங்களுக்குள் ஒன்றை முடிவு செய்திருப்பீர்கள். எனக்குச் சந்தேகம் இல்லை. அது உங்களோடு இருக்கட்டும். ரிசல்ட் எதுவானாலும் அதற்கு ஒரு அடுத்த தேதி உண்டு. அதை மட்டும் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்: டிசம்பர் ரெண்டு, செவ்வாய்க்கிழமை. வேன் காலை ஆறரைக்குக் காசிலிங்கம் கடை வாசலில் நிற்கும். ஏழு பெண்களும் ஜேசுதாசனும் ஒரு ஸ்கார்ஃப் கட்டிய பெண்ணும் வருகிறார்கள். ஓட்டுவது நான்.